காலம், இடம், தோழர்: கெய்ரோவின் இசைத்தட்டுகளும் இசையரங்குகளும்

ஹிஜ்ரி நான்காம் நூற்றாண்டில் வாழ்ந்த அபுல் ஃபரஜ் அல் இஸ்பஹானி (கி.பி. 897 - 967) தொகுத்த ‘கிதாபுல் அகானீ’ என்னும் பாடல் நூலை அறியாத அரபு இலக்கிய மாணவர் இரார். கலீஃபா ஹாரூன் அல் ரஷீதுக்காகத் தேர்ந்தெடுக்கப்பட்ட 100 பாடல்களை அடித்தளமாகக் கொண்டு விரிந்த நூல் அது. பாடலை யாத்தவர் யார், மெட்டமைத்தவர் யார், எந்த அவையில் அது பாடப்பட்டது, கேட்டவர் எவ்வாறு மெய்ம்மறந்தார் என்பவற்றையெல்லாம் அறிவிப்பாளர் வரிசையோடு அந்நூல் பதிவு செய்கிறது. ஊத் என்னும் நரம்புக் கருவியில் எந்த விரல் எந்த நரம்பில் படவேண்டும், தாளம் எது என்றுகூடப் பாடல்தோறும் குறிப்பு உண்டு. வாழ்நாளின் பெரும்பகுதியை அதற்கே அவர் செலவிட்டார்.

ஆயினும் அந்நூலில் ஒன்று மட்டும் இல்லை. அதுதான் குரல். விரற்குறிப்புகளை வைத்துக்கொண்டு அப்பாடல்களை அன்று ஒலித்தவாறே மீட்டெடுக்க இன்றைய ஆய்வாளர் எவராலும் உறுதியாக இயலவில்லை. உலகின் மிகப் பெரிய பாடல் தொகுப்புகளுள் ஒன்று, ஓசையற்ற தொகுப்பாகவே நம் கையில் இருக்கிறது.

ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகள் கழித்துக் குரலையே பிடித்து வைக்கும் கருவி வந்தது. எடிசனின் ஒலிப்பதிவுக் கருவி 1877இலும், பெர்லினரின் தட்டு வடிவக் கிராமபோன் 1887இலும் தோன்றின. இஸ்பஹானியால் இயலாதது இனி இயலும் என்று எவரும் எண்ணியிருக்கக் கூடும். உண்மையில் நடந்தது என்ன? இசைத்தட்டு எதைக் காத்தது, எதை இழந்தது, காத்தவர் யார் என்பதைக் கெய்ரோ நகரின் வரலாற்றை முன்வைத்து ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். இசை பற்றிய மார்க்கத் தீர்ப்பில் அறிஞர்களிடையே உள்ள கருத்து வேறுபாடு தொன்மையானது. அவ்விவாதத்துக்குள் நாம் இங்குப் புகவில்லை. கேட்டல் என்னும் பண்பாட்டின் வரலாறே நம் பொருள்.

மூன்று நிமிடச் சிறை

இருபதாம் நூற்றாண்டின் முதற் சில ஆண்டுகளிலேயே ஐரோப்பிய இசைத்தட்டு நிறுவனங்கள் எகிப்தை அடைந்துவிட்டன. கிராமபோன் நிறுவனமும் ஜெர்மானிய ஓடியன் நிறுவனமும் கெய்ரோவில் பாடகர்களைத் தேடின. பின்னர்ப் பெய்ரூத்தைச் சேர்ந்த பைளா குடும்பத்தார் ‘பைளாபோன்’ என்ற பெயரில் அரபுலகின் சொந்த நிறுவனத்தைத் தோற்றுவித்தனர். எகிப்திய இசையின் பேராசான் எனப் போற்றப்பட்ட அப்துஹு அல் ஹாமூலி 1901இலேயே மறைந்துவிட்டதால், இந்தத் தட்டுகளின் காலத்தை அவர் காணவில்லை. அவருக்குப் பின்வந்த ஷைகு யூசுஃப் அல் மன்யலாவீ (மறைவு 1911), ஷைகு ஸலாமா ஹிஜாஸி (மறைவு 1917) ஆகியோரின் குரல்கள் தட்டில் ஏறின. இவர்கள் இருவர் பெயருக்கும் முன்னால் ‘ஷைகு’ என்னும் அடைமொழி நிற்பதை வாசகர்கள் கருத வேண்டும். அக்காலப் பாடகர் பலர் திருமறை ஓதியும், பாங்கு சொல்லியும், புகழ்ப்பாக்கள் இசைத்தும் குரலைப் பயிற்றியவர்கள்.

அன்று ஒலிவாங்கி இல்லை. பெரிய குழலொன்றின் வாயருகே நின்று பாடகர் உரத்துப் பாடுவார். அந்த அதிர்வு ஊசியை அசைத்து மெழுகில் கோடு கீறும். அதிலிருந்து அச்செடுத்து அரக்குக் கலவைத் தட்டுகளாக வார்ப்பார்கள். நிமிடத்துக்கு ஏறத்தாழ 78 சுற்றுகள் சுழலும் 10 அங்குலத் தட்டின் ஒரு பக்கத்தில் ஏறக்குறைய மூன்று நிமிடங்களே அடங்கும். 12 அங்குலத் தட்டாயின் இன்னும் சற்று நேரம் கூடும்.

கெய்ரோவின் இசை இரவோ இதற்கு முற்றிலும் மாறானது. ‘வஸ்லா’ எனப்படும் ஒரு தொடர் கருவியிசையில் தொடங்கி, குழுப்பாடலாய் வளர்ந்து, பாடகரின் தனிக்குரல் விரிவில் உச்சம் எய்தி, ஒரு மணி நேரம் வரையிலும் நீளும். ஓர் இரவில் இத்தகைய தொடர்கள் இரண்டோ மூன்றோ நிகழும். இந்தப் பெருவெள்ளத்தை மூன்று நிமிடக் குடங்களில் நிரப்ப வேண்டியிருந்தது. ஒரே பாடலை வெட்டி இரண்டு, நான்கு பக்கங்களில் பதித்தார்கள். திரும்பத் திரும்பப் பாடும் வழக்கம் குறுகியது. தட்டுக்கென்றே அளந்து தைத்த சிறு பாடல்கள் பிறந்தன. கருவி இசையைப் பதிவு மட்டும் செய்யவில்லை, தன் அளவுக்கு அதைத் திருத்தவும் செய்தது.

அத்தட்டுகளைக் கேட்போர் வியப்புறும் செய்தி ஒன்று உண்டு. பாடலுக்கு முன் அறிவிப்பாளர் நிறுவனத்தின் பெயரையும் பாடகரின் பெயரையும் உரக்கக் கூறுவார். பாடலின் இடையில் ‘அல்லாஹ்!’ என்றும், பாடகர் பெயரை விளித்தும் பாராட்டுக் குரல்கள் எழும். ஆனால் அந்த அறையில் அவையோர் எவருமில்லை. அக்குரல்கள் கருவி வாசித்தோருடையவை, அல்லது உடனிருந்த நிறுவனப் பணியாளருடையவை. கேட்போர் இல்லாமல் பாடகருக்குப் பாட்டு வாராது, கேட்போர் குரல் இல்லாமல் வாங்குவோருக்கு அது பாட்டாகத் தோன்றாது என்பதை அவ்வணிகர்கள் உணர்ந்திருந்தனர்.

ஸம்மீஆ என்னும் கேள்வியாளர்

அரபு இசைமரபில் ‘தரப்’ என்றொரு சொல் உண்டு. இசையால் உள்ளம் நெகிழ்ந்து நிலைமாறும் அனுபவத்தை அது குறிக்கும். அவ்வனுபவம் பாடகரால் மட்டும் விளைவதன்று. நுணுகிக் கேட்கும் தேர்ந்த சுவைஞரை எகிப்தியர் ‘ஸம்மீஆ’ என்பர். பண்ணின் எந்த வளைவில் பெருமூச்செறிய வேண்டும், எந்த நிறுத்தத்தில் குரல் கொடுக்க வேண்டும் என்று அறிந்தவர்கள் அவர்கள். அவர்தம் குரல் கேட்டுப் பாடகர் அதே அடியை மீண்டும் எடுப்பார். இம்முறை வேறொரு வழியில் செல்வார். பாடல் இவ்வாறு இருசாராரின் கூட்டுப் படைப்பாகிறது.

இதற்கு நம் அறிவு மரபிலேயே ஆழ்ந்த விளக்கம் உண்டு. இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் ‘இஹ்யா உலூமித்தீன்’ என்னும் பெருநூலில் ‘ஸமாஉ’ எனப்படும் கேட்டலின் ஒழுக்கங்களுக்கென்றே தனிப் பகுதி ஒதுக்கியுள்ளார்கள். ஸமாவுக்குக் காலம், இடம், தோழர் ஆகிய மூன்றும் தகுந்தவையாய் அமைய வேண்டும் என்னும் ஜுனைதுல் பக்தாதி (ரஹ்) அவர்களின் கருத்தை அங்கே எடுத்தாள்கிறார்கள். உள்ளம் வேறொன்றில் அலையும் காலமும், மனத்தைக் கலைக்கும் இடமும், உணர்வற்ற உடனிருப்போரும் கேட்டலைப் பாழாக்கும் என்பது இதன் பொருள்.

இறைத்தேட்டத்துக்குரிய ஸமாவும் மேடை இசையும் ஒன்றல்ல. எனினும் கேட்டலின் இயல்பு குறித்த இந்த நுண்ணறிவு இரண்டுக்கும் பொருந்தும். இசைத்தட்டை இதனுடன் வைத்து நோக்கினால் அதன் குறை எங்குள்ளது என்பது விளங்கும். தட்டு குரலைக் காக்கிறது. ஆனால் காலம், இடம், தோழர் ஆகிய மூன்றையும் உதறிவிட்டே அது குரலைக் காக்கிறது. எந்த வேளையிலும், எந்த அறையிலும், தன்னந்தனியராகக் கேட்கலாம் என்பதே அதன் சிறப்பு. அதுவே அதன் இழப்பும் ஆகும்.

இந்த இழப்பைக் குறித்த கவலை 1932இல் கெய்ரோவில் நடைபெற்ற அரபு இசை மாநாட்டிலும் நிழலாடியது. மன்னர் ஃபுஆதின் ஆதரவில் கூடிய அம்மாநாட்டுக்கு ஹங்கேரிய இசையறிஞர் பேலா பார்டோக் முதலான ஐரோப்பியரும், ஈராக், மொரோக்கோ, அல்ஜீரியா, தூனிஸியா முதலிய நாடுகளின் இசைக்குழுவினரும் வந்திருந்தனர். மாறிவரும் காலத்தில் மறையக்கூடிய மரபுகளை மாநாட்டுக் குழுவொன்று தேர்ந்தெடுக்க, அவை இசைத்தட்டுகளில் பதிக்கப்பட்டன. விற்பனையை முதல் நோக்கமாகக் கொள்ளாமல் காப்பதற்காகவே செய்யப்பட்ட பதிவு என்பதால் அதற்கு வரலாற்றில் தனி இடம் உண்டு. எனினும் அத்தட்டுகள் சில நிறுவனங்களின் அடுக்குகளிலேயே நெடுங்காலம் உறங்கின. அவை 18 குறுந்தட்டுகள் கொண்ட தொகுதியாகப் பொதுமக்களுக்குக் கிடைத்தது 2015இல்தான்.

முதல் வியாழன் இரவு

உதறப்பட்ட மூன்றையும் மீட்டுத் தந்தவர் என்று ஒருவரைச் சுட்டலாமெனில் அவர் உம்மு குல்தூம். தகஹ்லிய்யா மாவட்டத்தின் தம்மாயுஸ் ஸஹாயிரா என்னும் சிற்றூரில் பள்ளிவாசல் இமாம் ஒருவரின் மகளாகப் பிறந்தவர். ஊர்த் திண்ணைப் பள்ளியில் திருமறை ஓதக் கற்றார். சிறுமியாய் இருந்தபோது, தந்தையாருடன் ஆண்பிள்ளை உடையில் சென்று சமயப் பாடல்கள் இசைத்தார். 1920களில் ஓடியன் நிறுவனமும் பின்னர்க் கிராமபோன் நிறுவனமும் அவர் குரலைத் தட்டுகளில் பதித்தன. தட்டுகளால் அவருக்குச் செல்வமும் புகழும் சேர்ந்தன.

ஆனால் அவர் தட்டின் அளவுக்குள் தங்கிவிடவில்லை. எகிப்திய வானொலி 1934ஆம் ஆண்டு மே 31 அன்று தொடங்கியது. 1937 முதல் அவருடைய வியாழன் இரவு இசையரங்குகள் நேரடியாக ஒலிபரப்பாயின. இசைப்பருவத்தில் மாதத்தின் முதல் வியாழன் அவருக்கே உரியதாயிற்று. அஸ்பக்கிய்யா அரங்கு, கஸ்ருந் நீல் திரையரங்கு முதலிய இடங்களில் அவர் நள்ளிரவு கடந்தும் பாடுவார். ஓர் இரவுக்கு இரண்டு அல்லது மூன்று பாடல்களே. ஒரு பாடல் ஒரு மணி நேரத்தையும் கடந்து விரியும். அவ்விரவில் தெருக்கள் வெறிச்சோடின என்றும், காப்பிக் கடைகளில் வானொலிப் பெட்டியைச் சூழ்ந்து மக்கள் குழுமினர் என்றும் அரபு நாடுகள் பலவற்றில் இன்றும் முதியோர் கூறுவர். காலம் குறிக்கப்பட்டது, இடம் அமைந்தது, தோழரும் கூடினர்.

அந்த அரங்கப் பதிவுகளைக் கேட்போர்க்கு அவையோரின் ஆரவாரம் பாடலின் பிரிக்கவொண்ணாப் பகுதியாகவே ஒலிக்கும். முன்வரிசைச் சுவைஞரின் தனிக்குரல் எழுவதும், அதற்கு விடையாக அவர் அதே அடியைப் புதிய திருப்பத்தில் மீண்டும் தொடங்குவதும் தெளிவாகக் கேட்கும். இந்நிலையில் தட்டும் வளர்ந்தது. 1948இல் அமெரிக்காவில் அறிமுகமான நெடுநேர இசைத்தட்டு அரக்கை விடுத்து வினைலால் ஆனது. நிமிடத்துக்கு 33⅓ சுற்றுகள் மட்டுமே சுழலும் அதன் ஒரு பக்கத்தில் 20 நிமிடங்களுக்கும் மேலாக ஒலியை அடக்க முடிந்தது. அரங்கில் பதிவான நீண்ட பாடல் கைதட்டலோடும் பாராட்டுக் குரலோடும் வீட்டுக்கு வந்தது. முப்பது ஆண்டுகளுக்கு முன் பொய்யாகச் சேர்க்கப்பட்ட அவையோரின் குரல் இப்போது மெய்யாகவே தட்டில் ஏறியது.

இதிலிருந்தே சேகரிப்போரின் புதியதொரு வழக்கம் உருவாயிற்று. 1966இல் அவர் முதன்முதலாகப் பாடிய ‘அல் அத்லால்’ போன்ற ஒரு பாடலின் ஒரு பதிவு கையிலிருந்தால் போதும் என்று அவர்கள் எண்ணுவதில்லை. அதையே வேறு இரவில், வேறு ஊரில் பாடியதையும் தேடுவர். 1967 நவம்பரில் பாரிஸின் ஒலிம்பியா அரங்கில் அவர் பாடியது எவ்வாறு இருந்தது, கெய்ரோவில் எவ்வாறு இருந்தது என்று ஒப்பிடுவர். அதே சொல், அதே மெட்டு. ஆனால் இரவு வேறு, அவை வேறு, ஆதலால் பாடலும் வேறு. ஜுனைத் (ரஹ்) அவர்கள் சொன்ன மூன்றையும் அறிந்தோ அறியாமலோ சேகரிப்பாளர் தம் ஏட்டில் குறித்து வைக்கின்றனர்.

குரலைக் காத்த கைகள்

திருமறை ஓதலை இசையென்று நாம் கூறமாட்டோம். அதன் கண்ணியம் வேறு. ஆயினும் அதே கருவிகளும் அதே கேள்வியாளரும் அங்கும் இருந்தமையால் அவ்வரலாற்றைத் தவிர்த்தலும் இயலாது.

காரி ஷைகு முஹம்மது ரிஃப்அத் 1882இல் கெய்ரோவில் பிறந்தவர். இளங்குழந்தைப் பருவத்திலேயே பார்வையை இழந்தவர். ஸய்யிதா ஸைனப் பகுதியிலுள்ள ஃபாளில் பாஷா பள்ளிவாசலில் நெடுங்காலம் ஓதிவந்தார். வானொலியில் ஓத அழைக்கப்பட்டபோது, இறைவசனம் தகாத இடங்களிலும் ஒலிக்குமே என்று தயங்கினார். அல் அஸ்ஹரின் தலைமை ஷைகிடம் மார்க்கத் தீர்ப்புக் கேட்டுத் தெளிந்த பின்னரே இசைந்தார். 1934இல் எகிப்திய வானொலி அவர் ஓதலோடுதான் தொடங்கியது. 1940களில் தொண்டை நோய் அவர் குரலைக் கவர்ந்தது. 1950இல் மறைந்தார்.

அவர் ஓதலை நாம் இன்று கேட்க முடிவதற்குக் காரணம் யார்? ஜகரிய்யா மஹ்ரான் பாஷா என்னும் அன்பர் தம் வீட்டில் பதிவுக் கருவி வைத்து, வானொலியில் ரிஃப்அத் ஓதும்போதெல்லாம் தட்டுகளில் பதித்து வந்தார். பதவியோ ஊதியமோ இதற்கு அவரைத் தூண்டவில்லை. அக்குரலின் மீது கொண்ட அன்பே தூண்டிற்று. வேறு சில அன்பர்களும் இவ்வாறே செய்தனர். ரிஃப்அத் ஓதலில் எஞ்சியுள்ளவற்றின் பெரும்பகுதி இத்தகைய வீட்டுப் பதிவுகளின் வழியே வந்தது. பதிவுகளில் கரகரப்பு உண்டு, சில இடங்களில் தொடர்ச்சி அறுபடும். ஆயினும் அவை இல்லையேல் அவர் பெயர் இஸ்பஹானியின் பாடகர்களைப் போல் வெறும் எழுத்தாகவே எஞ்சியிருக்கும்.

இதன் அடுத்த படியாக 1959இல் லபீப் அஸ் ஸயீத் என்னும் எகிப்திய அறிஞர் திருமறை முழுவதையும் தர்த்தீலாக ஒலிப்பதிவு செய்யும் திட்டத்தை முன்வைத்தார். ஹஸ்ரத் அபூபக்கர் (ரலி) அவர்கள் காலத்தில் திருமறை ஏடாகத் திரட்டப்பட்டதை நினைவுகூர்ந்து, ஒலியாலும் ஒரு திரட்டு வேண்டும் என்பது அவர் வாதம். காரி மஹ்மூது கலீல் அல் ஹுஸரீ ஓதிய அப்பதிவு 1961இல் இசைத்தட்டுகளாக வெளிவந்தது. நெஞ்சில் சுமந்ததை ஏட்டில் எழுதிய சமுதாயம், ஏட்டில் அடங்காத ஓசையைத் தட்டில் எழுதிற்று.

நிறுவனத்துக்கு விற்றுத் தீர்ந்த தட்டு பழைய சரக்கு. சேகரிப்பாளருக்கோ அது காலத்தின் சாட்சி. தட்டின் நடுவிலுள்ள வட்டத் தாளில் காணும் விற்பனை எண், ஓரத்தில் கீறிய அச்சு எண், தொடக்க அறிவிப்பு ஆகியவற்றை ஒப்பிட்டே பதிவு நடந்த ஆண்டை ஆய்வாளர் கணிக்கின்றனர். நம் ஹதீஸ் கலை அறிஞர்கள் அறிவிப்பாளர் தொடரை ஆய்ந்த உழைப்பின் சிறு சாயல் இதில் தெரிகிறது. எகிப்தில் அப்துல் அஸீஸ் அனானீ என்பவர் திரட்டிய பெருந்தொகுப்பே, லெபனானில் கமால் கஸ்ஸார் 2009இல் நிறுவிய ‘அமர்’ என்னும் அரபு இசை ஆவண நிறுவனத்துக்கு வித்தாயிற்று. ஒருவரின் அலமாரியில் கிடந்தவை இன்று ஆய்வாளர் அனைவரும் கேட்கும் பொதுச் செல்வமாகிவிட்டன.

இங்கே ஒன்றை வலியுறுத்த விழைகிறோம். சேகரித்தல் இருவகைப்படும். ஒன்று புதையல், மற்றொன்று அமானிதம். அரிய தட்டைப் பூட்டி வைத்து, பிறரிடம் இல்லாதது தம்மிடம் உண்டென்று மகிழ்வது புதையல் காத்தல். அத்தகையவர் மறைந்தபின் அத்தட்டுகள் எடைக்குப் போவதும் உண்டு. எண்ணையும் ஆண்டையும் குறித்து, படியெடுத்து, கேட்க விழைவோருக்கு வழங்குவது அமானிதம் பேணல். முன்னது குரலை இரண்டாம் முறை புதைக்கிறது, பின்னது அதற்குப் புதிய காலத்தையும் இடத்தையும் தோழரையும் தேடித் தருகிறது.

நம் கையில் இருப்பவை

கெய்ரோவின் கதைக்கும் நமக்கும் என்ன தொடர்பு என்று கேட்போர், அந்தப் பழைய தட்டுகளை உரசிப் பார்க்கலாம். உலகெங்கும் இசைத்தட்டு வார்க்கப் பயன்பட்ட அரக்கின் பெரும்பகுதி இந்தியக் காடுகளின் மரக்கிளைகளிலிருந்து சென்றதே.

அதனினும் நெருங்கிய தொடர்பு வேறுண்டு. ‘இசைமுரசு’ நாகூர் இ.எம். ஹனீபா (1925 - 2015) அவர்களின் இசைத்தட்டுகள் ஒலிக்காத முஸ்லிம் திருமண வீடு ஒரு காலத்தில் தமிழகத்தில் அரிது. அவரை மேடையில் கேட்டோரும் நம்மிடையே உள்ளனர். மணவிழா, கந்தூரி, மீலாது மேடை, அரசியல் மாநாடு என்று அவர் அவைகள் பலதிறத்தன. சமயம் கடந்த கூட்டம் அவர் முன் அமர்ந்தது. அந்த மேடைகளில் எந்த அடியை எத்தனை முறை எடுத்தார், எந்த ஊரில் எந்தப் பாடலைக் கேட்டுச் சீட்டு வந்தது, எங்கே அவை எழுந்து ஆர்ப்பரித்தது என்பவை தட்டில் இல்லை. கேட்டோர் நெஞ்சில்தான் உள்ளன. அவர்களும் முதுமை எய்திவிட்டனர்.

ஆகவே பழைய தட்டோ ஒலிநாடாவோ வைத்திருப்போர் அதன் உறையையும் எண்ணையும் வீசிவிடாது காக்க வேண்டும். மேடையில் கேட்ட முதியோரிடம் ஊர், ஆண்டு, நிகழ்ச்சி, உடனிருந்தோர் ஆகியவற்றை இளைஞர் கேட்டெழுத வேண்டும். தட்டு குரலைத் தரும். காலத்தையும் இடத்தையும் தோழரையும் நினைவுதான் தரும். இஸ்பஹானியிடம் நினைவுகள் நிரம்ப இருந்தன, குரல் இல்லை. நம்மிடம் குரல் இருக்கிறது. அதனோடு நினைவையும் சேர்த்து அடுத்த தலைமுறையின் கையில் ஒப்படைப்பது நம் பொறுப்பு.